"டீச்சர், செடி தலையத் தொங்கப் போட்டுருச்சு!": ஸ்ட்ராபெரி வளர்க்கும் வகுப்பறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாவர அறிவியல் சொல்லித்தர ஸ்ட்ராபெரி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பழத்தை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். பழம் வரும்; நாலோ ஐந்தோ வரும். அந்தச் செடியின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சாண் உயரத்துக்குள் வேர், குறுந்தண்டு, ஓடுதண்டு, பூ, கனி எல்லாமே பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டுகின்றன. உடம்புக்கு முடியவில்லை என்றால் இரண்டே நாளில் வெளியே காட்டிவிடுகிறது. அதனால் கோளாறு வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் புதுச் செடி வாங்கி மாற்றி வைக்காதீர்கள். அன்றைய பாடம் அந்தக் கோளாறுதான்.

இந்த வழிமுறை நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளை மனத்தில் வைத்தது. கோவை, ஓசூர் போன்ற ஊர்களிலும் முயலலாம். ஆனால் நவம்பர் தொடக்கத்தில் நட்டு, பிப்ரவரி முடிவதற்குள் பாடத்தை முடித்துக்கொள்ள வேண்டும். சமவெளியின் மார்ச் வெயிலோடு இந்தச் செடி மல்லுக்கட்டாது.

அடிப்படை ஏற்பாடு இது. 30 பிள்ளைகளுக்கு 10 தொட்டி. மூன்று பேருக்கு ஒன்று. தொட்டி 20 செ.மீ. அகலமும் குறைந்தது 15 செ.மீ. ஆழமும் இருக்கட்டும், அடியில் நாலைந்து துளைகள் வேண்டும். வேர்களில் பெரும்பகுதி மேல் 15 செ.மீ.க்குள்ளேயே நிற்கும். செம்மண், மண்புழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மூன்றும் சம அளவு. கோகோபீட்டை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். மண்ணின் கார அமில நிலை (pH) 5.5 முதல் 6.5 வரை நல்லது. விதை வேண்டாம், குழித்தட்டு நாற்று வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் இடமாகப் பாருங்கள்.

கோளாறு எதுவானாலும் மருந்தைத் தேடும் முன் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். செடியில் எந்த இடத்தில்: பழைய இலையிலா, குருத்திலா, ஓரத்திலா, நடுவிலா? எத்தனை செடியில்? போன இரண்டு நாளில் நாம் என்ன செய்தோம்? பதிலை அவர்கள் சொல்கிறபடியே கரும்பலகையில் எழுதுங்கள். பாதிக் கோளாறு இந்த மூன்றாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

"செடி தலையத் தொங்கப் போட்டுருச்சு"

ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடச் சொல்லுங்கள்.

மண் காய்ந்திருந்தால் மேலே தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்தக் கூடாது. நன்றாகக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை உள்ளே விடாது; தொட்டியின் ஓரமாக வழிந்து அடியில் போய்விடும். தொட்டியை ஒரு டப்பில் மேல்மண் வரை முங்கும்படி வையுங்கள். மேல்மண்ணில் குமிழி வருவது நின்றதும் எடுத்து வடிய விடுங்கள், பெரும்பாலும் 20 நிமிடம் ஆகும். மண்ணுக்குள் இத்தனை நேரம் காற்று இருந்தது என்பதற்கு அந்தக் குமிழிகளை விடச் சாட்சி வேண்டாம். வேருக்கும் மூச்சு உண்டு என்ற பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் அது பாசத்தின் வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று பிள்ளைகள் காலை, இடைவேளை, மதியம் என்று ஆளுக்கு மூன்று முறை ஒரு தம்ளர் ஊற்றினால் ஒன்றரை லிட்டர் தாண்டிவிடும். இந்த அளவுத் தொட்டிக்கு வெயில் நாளில் 200 முதல் 250 மி.லி. போதும், மேகமூட்டமான நாளில் அதுவும் தேவைப்படாது. தண்ணீரை நிறுத்திவிட்டு, செடியை மண்கட்டியோடு கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, மொறுமொறுவென்று இருந்தால் தப்பித்தது; இரண்டு நாள் நிழலில் வைத்தால் தேறும். பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் உறையைப் போலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அழுகிவிட்டது. அந்தச் செடியின் கழுத்தை, அதாவது வேரும் இலைக்காம்பும் சேருகிற தடித்த குறுந்தண்டை, பெரியவர் ஒருவர் கத்தியால் நெடுக்காக வெட்டிக் காட்டலாம். நல்ல செடியில் உள்ளே வெளிர்வெள்ளையாக இருக்கும், அழுகியதில் செம்பழுப்பு. அந்த மண்ணை அடுத்த தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கழுத்து புதைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிள்ளைகள் செடி விழாமல் இருக்க மண்ணை மேலே மேலே அணைத்துவிடுவார்கள். குருத்து கிளம்பும் இடம் மண்ணுக்குள் போனால் அழுகும். மிகவும் மேலே தூக்கி நின்றால் வேர் காயும். கழுத்தின் பாதி மண்ணோடு சமமாக இருப்பதுதான் சரி. "கழுத்து வரைக்கும் போர்வை, மூஞ்சிய மூடக் கூடாது" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் மறக்காது.

மதியம் வாடி, சாயங்காலம் தானாக நிமிர்ந்துகொண்டால் நோய் ஒன்றும் இல்லை. இலை வெளியே விடும் நீரை வேரால் அந்த வேகத்துக்கு ஈடுகட்ட முடியவில்லை. தொட்டிக்குப் பதில் கறுப்புக் குரோ பேக்காக (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) இருந்தால் மண்ணே சூடாகிவிடும். சுற்றிலும் வெள்ளைத் துணியோ சாக்கோ கட்டுங்கள். கிழக்குப் பார்த்த இடத்துக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

பத்தில் ஒரே ஒரு செடி வாடி, லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டால் வேரை ஏதோ தின்றிருக்கிறது. மண்ணைச் செய்தித்தாளில் கொட்டிப் பரப்புங்கள். வளைந்து சுருண்டு படுத்திருக்கும் வெண்புழு கிடைக்கும். வண்டின் குழந்தை அது என்று சொன்ன பிறகு வகுப்பில் அதற்குத்தான் மவுசு, செடியை மறந்துவிடுவார்கள்.

யார் ஊற்றினார்கள், எவ்வளவு ஊற்றினார்கள் என்ற சண்டையைத் தீர்க்கச் சமையல் தராசு போதும். தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு தொட்டியை நிறுத்து எடையை அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள். மறுநாள் காலை மறுபடி நிறுங்கள். 250 கிராம் குறைந்திருந்தால் 250 மி.லி. ஊற்றினால் சரியாகப் போயிற்று. ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம் என்பதால் கழித்தல் கணக்கும் அதிலேயே வந்துவிடுகிறது. செடி இல்லாத, ஈரமண் மட்டும் உள்ள ஒரு தொட்டியையும் கூடவே நிறுத்துவந்தால் இலை வழியாகப் போன தண்ணீர் எவ்வளவு என்று தெரியும்.

அரையாண்டு விடுமுறைதான் நிறைய வகுப்புத் தோட்டங்களைக் காலி செய்கிறது. இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பழைய வேட்டியிலிருந்து இரண்டு விரல் அகலக் கிழிசலை நனைத்து, ஒரு நுனி பாட்டிலின் அடிவரை போகவும், மறுநுனி தொட்டி மண்ணில் 5 செ.மீ. ஆழம் புதையவும் வையுங்கள். தொட்டிகளை நிழலுக்கு நகர்த்திவிடுங்கள். விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே பொருத்தி, தினமும் பாட்டிலில் கோடு போட்டு எத்தனை நாள் தாங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். கடைசி நாள் மணி அடித்த பிறகு பொருத்தினால் அது வேண்டுதல் மாதிரி, வேலை செய்தாலும் செய்யும்.

"இலை அழுவுது டீச்சர்"

காலை எட்டு மணிக்கு முன் வரும் பிள்ளைதான் இதைப் பார்க்கும். இலையின் ஒவ்வொரு பல்நுனியிலும் ஒரு நீர்முத்து. இது பனித்துளி என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம்; அது தவறு. பனி இலைப் பரப்பு முழுக்கப் படியும், பக்கத்தில் உள்ள கல்லிலும் படியும். இந்த முத்துகள் பல்நுனியில் மட்டும், அதுவும் ஒழுங்காக வரிசைகட்டி நிற்கும். ராத்திரி இலைத்துளைகள் மூடியிருக்கும்போதும் வேர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, இலையோர நீர்த்துளை வழியாகத் தண்ணீர் கசிகிறது. இதற்கு நீர்க்கசிவு என்று பெயர். ஸ்ட்ராபெரியில் இது மிக அழகாகத் தெரியும்.

சோதித்துக் காட்டலாம். மாலையில் ஒரு தொட்டிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, இன்னொன்றை அன்று பட்டினி போடுங்கள். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியால் கவிழ்த்து மூடுங்கள். காலையில் முதலாவதில் முத்து இருக்கும், இரண்டாவதில் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். ஒரு முத்தைக் கண்ணாடித் துண்டில் தொட்டெடுத்துக் காயவைத்தால் மெல்லிய வெள்ளைக் கறை மிஞ்சலாம். வேர் மண்ணிலிருந்து எடுத்துவந்த உப்பு அது. தண்ணீரோடு என்ன சேர்ந்து ஏறுகிறது என்ற கேள்விக்கு இதைவிட எளிய விடை கிடையாது.

இலையோரத்தில் இப்படி வெள்ளைத்தூள் காய்ந்திருப்பதைப் பார்த்துப் பூஞ்சை என்று மருந்தடிப்பவர்களும் உண்டு. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் உப்பு.

"இலை கலர் மாறிடுச்சு"

முதல் கேள்விதான் இங்கே துருப்புச்சீட்டு: பழைய இலையா, புது இலையா? வீட்டில் சோறு குறைந்தால் பாட்டி தன் பங்கைப் பேரப்பிள்ளையின் தட்டில் வைப்பாள். தழைச்சத்தும் மெக்னீசியமும் குறையும்போது செடியும் அதைத்தான் செய்கிறது. பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. இரும்பும் கால்சியமும் இடம்பெயராதவை. அவை குறைந்தால் முதலில் வாடுவது குருத்து.

பழைய இலைகள் முழுவதுமாக வெளிறிப் பிறகு செம்மை ஏறினால் தழைச்சத்துக் குறைவு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், 20 நாளுக்கு ஒருமுறை. அடியில் ஒன்றிரண்டு கிழ இலை மட்டும் சிவந்தால் அது வயசு, கிள்ளிவிடுங்கள். பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம்.

இதே நரம்புப்பச்சை புது இலையில் வந்தால் இரும்பு. மண்ணில் இரும்பு இருக்கும். வேரால் எடுக்க முடியாதபடி மண் காரமாகியிருக்கும். சமவெளிப் பள்ளிகளில் உப்புப் போர்த்தண்ணீர்தான் காரணம். தொட்டிக்குள் துருப்பிடித்த ஆணி போடச் சொல்லும் யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. மண் காரமாக இருக்கும்வரை ஆணியால் பயனில்லை, பிள்ளையின் கையைத்தான் குத்தும். மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

பழைய இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகினால் உப்பு மிகுதி. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வெளியேற விடுங்கள். புதுக் குருத்தின் நுனி கருகிச் சுருங்கினால் கால்சியம் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றியதன் விளைவு.

ஊதா விளிம்பும் வெள்ளை நடுவுமாக வட்டப்புள்ளிகள் வந்தால் இலைப்புள்ளி நோய். அந்த இலைகளை வெட்டி அகற்றி, இனி தண்ணீரை இலைமேல் படாமல் மண்ணில் ஊற்றுங்கள். மேற்பரப்பில் ஊசி குத்தியதுபோல வெளிர்ப்புள்ளிகள் இருந்தால் வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் சிலந்திப்பேன். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் எட்டுக் கால்களை எண்ணச் சொல்லலாம், இது பூச்சி இனமா என்ற விவாதத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். இலையின் அடிப்புறத்தை மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயும் 2 மி.லி. திரவ சோப்பும் கலந்து, பள்ளி விட்ட பிறகு பெரியவர்கள் இலைகளின் அடிப்புறத்தில் தெளிக்கலாம். விரிந்த பூவில் படக் கூடாது. கடைப் பூச்சிமருந்து எதுவும் வேண்டாம். பஞ்சகவ்யம் தோட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் கழுவாமல் வாயில் போடப்போகிற பழத்தின்மேல் அதைத் தெளிக்காதீர்கள்.

மூன்றாவது வாரத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை

இது செடியின் கோளாறு இல்லை, பாடத்தின் கோளாறு. நட்ட பரபரப்பு தீர்ந்து பூ வருவதற்கு முன் ஒரு வெற்றுக்காலம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலையைச் சொந்தமாக்குங்கள்: குருத்து விரியும்போதே காம்பில் ஆளுக்கொரு நிற நூல், தளர்வாக. வாரம் இருமுறை காம்பின் நீளத்தை அளந்து எழுதட்டும். நல்ல குளிர்ச்சியில் எட்டிலிருந்து பன்னிரண்டு நாளுக்கு ஒரு புது இலை வரும், அதனால் காத்திருப்பு நீளாது. தன் இலை பழையதாகிச் சிவந்து உதிர்வதுவரை அந்தப் பிள்ளை கவனித்தால், இலைக்கும் ஆயுள் உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ரெண்டு மாசமாச்சு, பூவே இல்ல"

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது: நாற்று நட்ட முதல் மூன்று நான்கு வாரத்தில் வரும் பூவை நாமேதான் கிள்ளிவிடச் சொல்கிறோம், வேர் பிடிக்கட்டும் என்று. பிள்ளைகளுக்கு இது மனசு வராத வேலை. ஒரு தொட்டியில் மட்டும் கிள்ளாமல் விட்டு, பின்னால் இரண்டையும் ஒப்பிடட்டும்.

அதன் பிறகும் பூக்காவிட்டால், செடி கொழுகொழுவென்று கரும்பச்சையாக இருக்கிறதா பாருங்கள். ஆம் என்றால் உரம் அதிகம், நிறுத்துங்கள். நிழல் அதிகமா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வெப்பம். ஸ்ட்ராபெரியின் பல ரகங்கள் பகல் குறுகும்போதுதான் மொட்டு உருவாக்கும். பகல் ஏறக்குறைய 14 மணி நேரத்துக்கு மேல் போனால் நிறுத்திக்கொள்ளும். தமிழ்நாட்டில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் நமக்குப் பகலின் நீளம் தடையில்லை. இரவு குளிர்வதில்லை என்பதுதான் தடை. உதகையில் பூக்கும் நாற்று அதே மாதத்தில் மதுரையில் வெறும் இலையாக நிற்பது இதனால்தான். சமவெளியில் டிசம்பர், ஜனவரிக் குளிர் வரும்வரை பொறுங்கள்.

"கயிறு மாதிரி என்னமோ வெளிய வருது"

ஓடுதண்டு. வல்லாரைக் கொடி பார்த்த பிள்ளைக்கு அறிமுகம் தேவையில்லை. பழம் வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். பாடம் வேண்டுமென்றால் தொட்டிக்கு ஒன்றை விட்டு மற்றதை வெட்டுங்கள்.

ஓடுதண்டின் முதல் கணுவில் பெரும்பாலும் ஒன்றும் வராது, இரண்டாவது கணுவில் குட்டிச்செடி வரும். ஈரமண் நிரப்பிய தயிர்க் கப்பை அதன் அடியில் வைத்து, வளைத்த பேப்பர் கிளிப்பால் கணுவை மண்ணோடு அழுத்திக் குத்துங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்தால் எதிர்த்து நின்றால் பிடித்துவிட்டது, அப்போது கொடியை வெட்டலாம்.

இரண்டு குட்டிகள் கிடைத்தால் ஒன்றை வேண்டுமென்றே முதல் நாளிலேயே வெட்டி, அதே மாதிரிக் கப்பில் வையுங்கள். தாயோடு இணைந்தது தளதளவென்று இருக்க, வெட்டியது பெரும்பாலும் வாடிவிடும். தொப்புள்கொடி என்ற சொல்லை நீங்கள் சொல்வதற்கு முன் ஏதாவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

"பூவுக்கு நடுவுல கறுப்பா இருக்கு"

உதகை, குன்னூர்ப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் மட்டும் வரும் கேள்வி. இதழ் வெள்ளையாகவே இருக்கும், நடுவில் உள்ள மஞ்சள் மேடு கறுத்திருக்கும். ராத்திரி உறைபனி அந்த மேட்டில் உள்ள சூலகங்களை, அதாவது காயாக வேண்டிய பகுதிகளை, கொன்றுவிட்டது. அந்தப் பூ காய்க்காது. மாலை ஐந்து மணிக்குப் பழைய வேட்டியாலோ சாக்காலோ தொட்டிகளை மூடி, காலையில் வெயில் வந்ததும் எடுங்கள். துணி பூவைத் தொடாமல் நாலு குச்சி நட்டு அதன்மேல் போர்த்த வேண்டும்.

"பழம் கோணலா இருக்கு"

இந்தக் கோளாறு வராவிட்டால் வரவழைக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன், அவ்வளவு பாடம் இதில் இருக்கிறது.

பூவின் நடுமேட்டை லென்ஸில் பாருங்கள். அதன்மேல் நூற்றுக்கணக்கில் நுண்ணிய சூலகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூல்தண்டு. சுற்றிலும் இருபதுக்கு மேல் மகரந்தத்தாள்கள். ஒவ்வொரு சூலகத்துக்கும் தனித்தனியாக மகரந்தம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது ஒரு சிறு மணியாகும். பழத்தின் மேல் விதை என்று நாம் சொல்லும் அந்த மணிதான் தாவரவியலில் உண்மையான கனி. விதை அதற்குள்ளே இருக்கிறது. நாம் தின்னும் சிவப்புச் சதை, சூலகங்களைத் தாங்கும் அந்த நடுமேடு (பூத்தளம்) உப்பியது, பொய்க்கனி. முந்திரியில் பழம் என்று நாம் சப்பித் தின்பது உப்பிய காம்பு, கொட்டைதான் உண்மையான கனி, அதே கதை.

மணி உருவானால் அது ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருளைச் சுரந்து தன் அடியில் உள்ள சதையை உப்பச் செய்யும். மகரந்தம் சேராத இடத்தில் மணி வளராது, சதையும் உப்பாது, அந்தப் பக்கம் உள்வாங்கிக் கோணும். கோணல் பழத்தைக் கையில் கொடுத்து, குழிந்த இடத்திலும் புடைத்த இடத்திலும் மணியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குழியில் பொடிமணிகள் நெருக்கிக்கொண்டு கிடக்கும்.

1950இல் நிச் என்ற தாவரவியலாளர் செய்த சோதனையை வகுப்பிலேயே செய்யலாம். இதழ் உதிர்ந்து ஒரு வாரம் பத்து நாளான பச்சைப்பிஞ்சைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதியில் உள்ள மணிகளை மட்டும் பெரியவர் ஊசிநுனியால் சதை கிழியாமல் தட்டி எடுக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரத்தில் மறுபாதி மட்டும் வளரும். பிஞ்சு ஏற்கெனவே உப்பிவிட்டிருந்தால் வித்தியாசம் தெரியாது. சோதனை தோற்பது பெரும்பாலும் தாமதத்தால்தான். இரண்டு மூன்று பிஞ்சுகளில் செய்து வையுங்கள், ஒன்றை யாராவது தொட்டு உதிர்த்துவிடுவார்கள்.

கோணல் எல்லாத் தொட்டியிலும் இருந்தால் தேனீ வரவில்லை என்று பொருள். ஜன்னலுக்கு உள்ளேயோ வலைக்குள்ளேயோ வைத்த செடிகளில் இது சகஜம். மென்மையான வாட்டர்கலர் பிரஷ்ஷால், காலை பத்து மணிக்கு மேல் ஈரம் காய்ந்த பிறகு, ஒவ்வொரு பூவையும் வெளிவட்டத்திலிருந்து நடுமேடு வரை சுற்றிச் சுற்றித் தடவுங்கள். ஒரு பூவுக்கு மூன்று நாள். அழுத்தித் தேய்த்தால் சூல்தண்டு ஒடிந்து, அதனாலேயே பழம் கோணும். பிரஷ்ஷைத் தங்கள் புறங்கையில் தடவிப் பழகிய பிறகு பூவிடம் விடுங்கள்.

இங்கே சொல்ல ஓர் உண்மைக் கதையும் உண்டு. 1714இல் ஃப்ரேசியர் என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமெரிக்காவின் சிலியிலிருந்து பெரிய பழம் காய்க்கும் ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கப்பலில் பிரான்சுக்குக் கொண்டுபோனார். செடி தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. அவர் கொண்டுபோனவை எல்லாம் பெண்பூச் செடிகள். வட அமெரிக்க இனச் செடிகளைப் பக்கத்தில் நட்ட பிறகுதான் மகரந்தம் கிடைத்துக் காய்த்தன. அந்த இரண்டு இனமும் கலந்து பிறந்ததுதான் இன்று நம் தொட்டியில் இருப்பது. "ஏன் காய்க்கலைன்னு நினைக்கிறீங்க?" என்று நடுவில் கதையை நிறுத்திவிடுங்கள்.

முதல் பழம் பெரிதாக வந்து அடுத்தடுத்தவை சிறுத்தால் அது கோளாறில்லை. கொத்தில் முதலில் விரியும் பூவுக்குத்தான் சூலகம் அதிகம். இரண்டு பழத்தின் மணிகளையும் எண்ணிப் பார்த்தால் தெரியும். எண்ணியதைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் எண்பதுக்கு மேல் சண்டை வந்துவிடும்.

"பழத்துல பஞ்சு முளைச்சிருக்கு"

சாம்பல் பூசணம். வடகிழக்குப் பருவமழை நாட்களில், பழம் ஈரமண்ணைத் தொடும் இடத்தில் தொடங்கும். உடனே பறித்து அப்புறப்படுத்துங்கள். ஊதினால் வித்துகள் பறக்கும், மூக்கருகே கொண்டுபோக விடாதீர்கள். ஒரு பழத்தை மட்டும் மூடி இறுக்கிய, டேப் ஒட்டிய கண்ணாடிப் பாட்டிலில் வைத்துத் தினமும் படம் வரையலாம். பாட்டிலைத் திறக்காமலேயே குப்பைக்கு அனுப்ப வேண்டும். மற்ற பழங்களுக்குக் கீழே காய்ந்த புல்லோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டு, தொட்டிகளை ஒரு முழம் இடைவெளி விட்டு வையுங்கள்.

"யாரோ கடிச்சிட்டாங்க"

வகுப்பில் கைநீட்டும் முன் தடயம் பாருங்கள். ஆழமான குழியும் பக்கத்தில் பளபளக்கும் கோடும் இருந்தால் நத்தை. இரவில் ஈரச்சாக்கை விரித்து வைத்துக் காலையில் அடியில் பொறுக்கலாம். கொத்திய கூர்ப்பள்ளம் சின்னான் என்ற பறவையின் வேலை, வலை போடுங்கள். பாதி தின்று பாதி தூர எறிந்திருந்தால் அணில். காம்போடு சுத்தமாகக் காணோம் என்றால் விசாரிக்க வேண்டியதில்லை. பறிக்கும் நாளையும் முறையையும் சுவரில் எழுதி ஒட்டினால் போதும். முதல் முறை சாப்பிடும் முன் யாருக்காவது ஸ்ட்ராபெரி ஒவ்வாமை உண்டா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள்.

"புளிக்குது"

அவசரம். பூவிலிருந்து பழுக்க ஏறத்தாழ நான்கு வாரம், மலைக்குளிரில் இன்னும் கூடும். காம்பை ஒட்டிய தோள்பகுதியில் வெள்ளை இருக்கும்வரை பறிக்கக் கூடாது. மாங்காயை அரிசிப் பானைக்குள் வைத்தால் பழுத்து இனிக்கும். ஸ்ட்ராபெரி அந்த ஜாதி இல்லை. பறித்து வைத்தால் நிறம் ஏறும், இனிப்பு ஏறாது. ஒரே கொத்தில் பாதி சிவந்ததொன்றைப் பறித்து மேசையில் வைத்து, இன்னொன்றைச் செடியிலேயே விட்டு, இரண்டும் சிவந்த பிறகு கண்ணைக் கட்டி ருசிபார்க்கச் சொல்லுங்கள்.

முழுச்சிவப்பாகியும் சப்பென்றிருந்தால் தொடர்ந்து மேகமூட்டமோ, பறிப்பதற்கு முந்தைய நாட்களில் தண்ணீர் அதிகமோ காரணம்.

"வெதச்சது முளைக்கவே இல்ல"

பழத்தின் மணியை எடுத்துப் புதைத்துவிட்டு ஒரு வாரம் பார்த்து ஏமாந்திருப்பார்கள். இரண்டு தவறு: புதைத்தது, குளிரூட்டாதது. மேல்தோலை மெல்லியதாகச் சீவி டிஷ்யூவில் இரண்டு நாள் காயவைத்து மணிகளை உதிர்த்து, ஈர டிஷ்யூவில் சுற்றி மூடிய டப்பாவில் மூன்று நான்கு வாரம் குளிர்பெட்டியில் வையுங்கள். உறையறையில் வேண்டாம். பிறகு ஈரமண்ணின் மேலேயே தூவுங்கள், மண் மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் தேவை. தெளிப்பானால் மட்டும் ஈரம். இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். முதல் ஓரிரு இலைகள் மூன்றாகப் பிரியாமல் ஒற்றையாக இருக்கும், வேறு செடி என்று பிடுங்கிவிடாதீர்கள். வளர்ந்தாலும் தாயின் அச்சாக இருக்காது. ஓடுதண்டுக் குட்டியோடு ஒப்பிட அதுவும் நல்லதே.

விதை முளைப்பதைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் பச்சைப்பயறு போடுங்கள். இரண்டு நாளில் முடியும் பாடத்துக்கு ஆறு வாரம் பிள்ளைகளைக் காக்கவைக்க வேண்டாம். நீல ஸ்ட்ராபெரி விதை என்று இணையத்தில் விற்பதையும் வாங்காதீர்கள். அப்படி ஒரு பழம் கிடையாது.

"இதுல மஞ்சப் பூ பூத்திருக்கு"

மலைப்பள்ளிகளில் பிள்ளைகள் சாலையோரத்திலிருந்து தாங்களே ஒரு செடியைப் பிடுங்கி வந்து நட்டிருப்பார்கள். இலை மூன்று, ஓடுதண்டு உண்டு, பழமும் சிவப்பு. ஆனால் பூ மஞ்சள், பழம் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும், கடித்தால் ருசியே இருக்காது. இது போலி ஸ்ட்ராபெரி. விஷமில்லை. இதற்கு முன்பு வழங்கிய பேரினப் பெயர் டுஷெஸ்னியா. தோட்ட ஸ்ட்ராபெரி இரண்டு இனங்களின் கலப்பு என்று 1766இல் எழுதிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் டுஷேனின் பெயர்தான் அது.

வெள்ளைப் பூவும், வெளிறிய சிறு பழமும், மயிரடர்ந்த இலையுமாக இருந்தால் பிடுங்க விடாதீர்கள். ஃப்ரகேரியா நில்கெரென்சிஸ் என்ற காட்டு ஸ்ட்ராபெரியாக இருக்கலாம். நீலகிரியின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் இனம். இருக்கும் இடத்திலேயே வைத்து, தொட்டியில் உள்ளதற்கும் இதற்கும் என்னென்ன வித்தியாசம் என்று எழுதிவரச் சொல்லுங்கள்.